நின்று எரியாத ஹீற்றர்

மொன்றியலில் நான் அதிக நேரம் பார்த்த இடம் ஒரு கராஜ். மலை உச்சியில் நிற்கும் பெரிய சிலுவையைக் காருக்குள் இருந்தபடி ஒருமுறை பார்த்தேன். பழைய துறைமுகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் பங்குக் கோயில் சஞ்சிகையின் ஆசிரியர் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். "மாஸ்டர், பனி, கோயில், எங்கடை சனம் அங்கை எப்பிடி இருக்குது எண்டு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ." தருகிறேன். ஆனால் அவர் கேட்ட நாலு பக்கம் இது இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்பது போகப்போகத் தெரியும்.

நான் போனது ஒரு கொப்பியைக் கொடுக்க. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் யேசுவின் பாடுகளை அழுகுரலில் பாடுவதை நாங்கள் பசாம் என்போம். என் தங்கை றெஜினா மன்னாரை விட்டுப் போய்ப் பதினாறு வருடம். கணவன் இறந்தபின் மொன்றியலின் ஓரத்தில் உள்ள பியர்பொன்ட்ஸில் தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளும் அங்குள்ள ஒன்பது பேரும் சேர்ந்து பெரிய வெள்ளியன்று கோயிலில் பசாம் பாடுவதென்று முடிவெடுத்திருந்தார்கள். அப்பா கையால் எழுதிய பாட்டுக் கொப்பி என்னிடம் இருந்தது. தபாலில் போட்டாலும் போயிருக்கும். "நீங்களே கொண்டு வாங்கோ அண்ணை. மெட்டுப் பிழைச்சா திருத்த ஒரு ஆள் வேணும்" என்றாள். திருத்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் நான் எங்கும் போவேன். இருபத்தொன்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன்.

விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வரவேண்டியவன் என் தம்பி சூசை. அவன் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தான். அதற்குள் ஒரு சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, கட்டாக் கருவாட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது எப்போது இறந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்துவிட்டு அதைத் திரும்ப வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் வந்த குளிர் காற்சட்டைக்குள்ளால் ஏறியது. மார்ச் மாதம். மன்னாரில் அந்நேரம் பெனியனோடு இருந்தாலும் வியர்க்கும்.

சூசையைப் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலை முழுவதும் நரைத்துவிட்டது. ஓடி வந்தவன் மூச்சு வாங்க நின்றான்.

"காரைப் பனி வழிக்கிற மிசின் வந்து மூடிப்போட்டுது அண்ணை. கிண்டி எடுக்க நேரம் போட்டுது."

"நீ இன்னும் நேரத்துக்கு வரப் பழகேல்லை" என்றேன். அவனுக்கு அறுபத்துநான்கு வயது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அவன் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டான்.

மறுநாள் நகரின் வில்லரே பகுதியில் அவன் வீட்டுக்குப் போனோம். அங்கே வீடுகளுக்கு மாடிப்படி வெளியில் இருக்கிறது. இரும்புப் படி, வளைந்த படி, மேலே ஒரு விரல் தடிப்புக்கு ஐஸ். குளிர் நாட்டில் இப்படிப் படி கட்டியவனுக்கு நான் படிப்பித்திருந்தால் மறுபடி கட்டச் சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் போனதும் சுவரில் ஒரு சட்டம் போட்ட தாள் தெரிந்தது. பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்தியிருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான்.

"என்ன இது?"

"காஸ் வேலைக்கான சேட்டிபிக்கேற் அண்ணை. பொய்லர், ஹீற்றர் எல்லாம் பாக்கலாம். இதாலைதான் இந்தக் கட்டிடத்திலை வேலை தந்தவங்கள். ரெண்டு தரம் பெயில். மூண்டாந்தரம் எடுத்திட்டன்."

"பிரெஞ்சிலையோ எழுதினாய்?"

"ஓம்."

நன்று என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அவன் நான் படிப்பித்த வகுப்பில் இருந்தவன். முழு வகுப்புக்கும் முன்னால் அவனை எழுப்பி, "உனக்கு ஒரு நாளும் ஒரு தாள் கிடையாது" என்று சொன்னவன் நான். அது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. "சட்டம் சரிஞ்சு கிடக்குது" என்றேன். அவன் எழுந்து நேராக்கினான்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டியும் குழம்பும் ஊற்றித் தந்தார்கள். அந்த ஊரின் பெரிய சாப்பாடாம். குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கிறது, தபசுகாலத்தில் தொடமாட்டேன் என்று தள்ளிவைத்தேன். "இண்டைக்குப் புதன்கிழமை அண்ணை, வெள்ளியிலைதானே விலக்கு" என்றான். "எனக்கு நாப்பது நாளும் வெள்ளிக்கிழமை" என்றேன். அவன் இரண்டு பேருடையதையும் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை மாலை எனக்கு முதலாவது ஒத்திகை. றெஜினாவின் வீடு பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. நான் வருவதற்கு முன் அவர்கள் வரவேற்பறையில்தான் பாடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சத்தத்தைக் கேட்டு யாரோ இறந்துபோனார்கள் என்று பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று, இறந்தவர் யார் என்று பணிவாகக் கேட்டார்களாம்.

"யேசு எண்டு சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது மாஸ்டர்" என்றாள் ஜெயமணி. அவள் மட்டக்களப்புக்காரி. எதற்கும் பகிடி விடாமல் இருக்க அவளால் முடியாது.

அதனால் பாட்டு கராஜுக்குள் மாறியது. சத்தம் வெளியே போகக்கூடாது, குளிர் உள்ளே வரக்கூடாது. சுற்றிவரக் கம்பளிகள் தொங்கின. பெரிய கதவின் விளிம்பெல்லாம் சாம்பல்நிற ஒட்டு ரேப். வீட்டுக்குள் போகும் சின்னக் கதவின் அடியில் சுருட்டிய துவாய். நடுவில் சிலிண்டரோடு ஒரு காஸ் ஹீற்றர். சின்ன சூட்கேஸ் அளவு, முன்பக்கம் ஓடு போன்ற ஒரு தகடு. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தால் முதலில் ஒரு குட்டிச் சுவாலை வரும். அது பக்கத்தில் உள்ள சின்னக் கம்பி ஒன்றைச் சூடாக்கும். கம்பி சூடாக இருக்கும்வரை காஸ் வரும். சூடு குறைந்தால் காஸ் நின்றுவிடும். தகடு செக்கச்சிவந்து எரியத் தொடங்கியதும் எல்லோரும் கையை நீட்டினார்கள்.

பாட்டு தொடங்கி இருபத்தைந்து நிமிடத்தில் 'டிக்' என்றது. தகடு கறுத்தது.

"இது ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மாஸ்டர்" என்றார்கள். "நீங்கள் சயன்ஸ் ஆள். ஒருக்காப் பாருங்கோ."

இதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

வெள்ளி காலை, கராஜின் பெரிய கதவை ரேப்பை உரித்து இடுப்பளவு தூக்கிவைத்துக்கொண்டு வேலை தொடங்கினேன், வெளிச்சத்துக்காக. குட்டிச் சுவாலை வரும் துவாரத்தை ஊசியால் குத்தி ஊதினேன். சிலந்திவலை கொஞ்சம் வந்தது. சூடாகும் கம்பியை அரத்தாளால் தேய்த்தேன். பற்றவைத்து, குமிழை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்துப் பிறகு விட்டேன். எரிந்தது. ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அணையவில்லை. றெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணையெண்டா அண்ணைதான்" என்றாள்.

அன்று மாலை பதினொரு பேரும் வந்தோம். கதவை இறக்கினார்கள், ரேப் ஒட்டினார்கள், பாடினார்கள். இருபது நிமிடம். டிக்.

சிலிண்டர் குளிர்ந்தால் காஸ் அழுத்தம் குறையும் என்றேன். சனிக்கிழமை புதுச் சிலிண்டர் வாங்கப் புறப்பட்டேன். சூசையைக் கேட்டால் காரில் கொண்டுபோயிருப்பான். கேட்கவில்லை. பியர்பொன்ட்ஸில் பஸ் என்பது காத்திருப்பதற்கு இன்னொரு பெயர். நாற்பது நிமிடம் நின்றேன். வந்த பஸ் மறுதிசையில் போய், பாலம் கடந்து இல்-பிசார் தீவில் என்னை இறக்கிவிட்டது. ஆறு உறைந்து வெள்ளைத் தரை போலக் கிடந்தது. தெருவில் ஒரு மனிதர் இல்லை. ஒரு வயதான வெள்ளைக்காரி நாயோடு வந்து, என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். புரியவில்லை என்றதும் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்தச் சப்பாத்தோடு நடந்தால் வசந்தகாலத்தில்தான் உங்களைக் கண்டெடுப்பார்கள்." தன் காரிலேயே கடைக்குக் கொண்டுபோய் விட்டாள். நான் நன்றி சொல்லும்போதுகூட அந்த ஹீற்றரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை புதுச் சிலிண்டரோடு இருபத்திரண்டு நிமிடம் எரிந்தது.

இந்த இடத்தில் நான் நிறுத்தி எழுத வேண்டும். காலையில் கதவு திறந்திருக்க, தனி ஆளாக நான் இருந்தபோது ஒழுங்காக எரிந்தது. மாலையில் பதினொரு பேர் உள்ளே வந்து, ஒரு துவாரமில்லாமல் அடைத்தபின் அணைந்தது. இதைப் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் நானே கேட்டிருக்கிறேன். ஒட்சிசன் குறைந்தால் சுவாலைக்கு என்ன நடக்கும், என்ன வாயு உண்டாகும். காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை, குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். எழுதாத பிள்ளைக்குப் புள்ளி வெட்டியிருக்கிறேன்.

எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது வாய்க்கு வருவதற்கு முன்னால் சூசை சொல்லிவிட்டான்.

அன்று அவன் வேலையால் நேரே வந்து சின்னக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அணைந்ததும் முன்னுக்கு வந்தான்.

"அண்ணை, இது பழுதில்லை. உள்ளுக்குக் காத்துக் காணாதெண்டுதான் தானா நிக்குது. அதுக்கெண்டே செய்து வைச்சிருக்கிறாங்கள். கதவை ஒரு அடி தூக்கிவிடுங்கோ. இல்லாட்டி இதை எடுத்து வெளியிலை வையுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாளாக ஊசியும் அரத்தாளுமாக நான் பட்டபாட்டை அவன் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான். அவன் சொன்னதாலேயே அது பிழையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"நீ ஓ.எல். சோதனையிலை கெமிஸ்ட்ரிக்கு எத்தினை எடுத்தனி?" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். ஜெயமணி சிரிக்கவில்லை.

"பதினெட்டு" என்றான் சூசை. "சோதனைக்கு முந்தி வகுப்பிலை நீங்கள் போட்ட புள்ளியும் அதேதான்."

கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். போகும்போது றெஜினாவிடம், "இதைப் பத்தவைக்காதை பிள்ளை" என்று சொன்னது எனக்கும் கேட்டது. "அண்ணை பாத்துக்கொள்ளுவார் சின்னண்ணை" என்றாள் அவள்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஒத்திகை. பூசை முடிந்து வந்ததும் நான் உடுப்புக் கொழுவி ஒன்றின் கம்பியை நேராக்கி எடுத்தேன். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஹீற்றர் அணையாது என்று கண்டிருந்தேன். மனிதர் பிடிப்பதற்குப் பதிலாகக் கம்பி பிடிக்கட்டும். குமிழை அழுத்தி, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முறுக்கிவிட்டேன். காஸை நிறுத்தச் செய்து வைத்திருந்ததை நான் நிறுத்தினேன். செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அரை மணித்தியாலம் கடந்தது. டிக் சத்தம் வரவில்லை. "மாஸ்டர் பேயை ஓட்டிப்போட்டார்" என்றாள் ஜெயமணி. எல்லோரும் கோட்டைக் கழற்றினார்கள்.

எங்களில் முக்கால்வாசிப் பேர் ஞாயிறென்றும் பாராமல் ஒருசந்தி. தபசுகாலத்தில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுப் பிடிக்கிற விரதம். பகல் மூன்று மணிக்கு வெறும் வயிறு. ஒருத்தி தலை இடிக்கிறது என்றாள். "ஒருசந்தியெண்டா இடிக்கத்தான் செய்யும், யேசுவுக்கு ஒப்புக்கொடு" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது, நானும் ஒப்புக்கொடுத்தேன். ஒருவர் குமட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தார். மாதா மகனின் உடலை மடியில் வாங்கும் இடம் வந்தது. றெஜினா முன்பாட்டு. கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடிப் பாடினாள். முகம் சிவந்து பளபளத்தது. அவளை இத்தனை பக்தியோடு நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். குரல் இழுபட்டது. ஒரு அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். திருத்துவதற்காக நான் கொப்பியைத் தூக்கினேன். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவள் மெல்லச் சரிந்து முழங்காலில் நின்றாள். பிறகு நெற்றி தரையில் பட்டது. பாட்டில் அப்படி விழுந்து கும்பிடுவது வழக்கம் என்பதால் யாரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.

அந்த நேரத்தில் பெரிய கதவு வெளியிலிருந்து இழுபட்டு, ரேப் கிழிந்து, தூக்கப்பட்டது. சூசை நின்றான். மூன்று மணிக்கு வரவேண்டியவன் நாலேகாலுக்கு வந்தான். ஒரு மின்சார ஹீற்றர் வாங்கப் போயிருக்கிறான். அந்தப் பெட்டியைப் பனியிலே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து முதலில் சிலிண்டரை மூடினான். பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். றெஜினாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கிடத்தினான். என்னைக் கடைசியாக இழுத்தான். பனியில் முழங்காலில் நின்று வாந்தி எடுத்தேன். அவன் என் முதுகைத் தடவிக்கொண்டு, மறுகையில் தொலைபேசியைப் பிடித்துப் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தான். நேரத்துக்கு வந்திருந்தால் அவனும் எங்களோடு உள்ளே இருந்து பாடியிருப்பான்.

தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ், ஒவ்வொரு மூக்கிலும் முகமூடி. கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் தீயணைப்புக்காரி ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பி அப்படியே இருந்தது. எங்களுக்கு முன்னால் அதைப் பிடித்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவள் கேட்டதை விளங்க மொழி தேவைப்படவில்லை. முகமூடியை எடுத்துவிட்டு "நான்" என்று சொல்ல வேண்டியதுதான். தமிழில் சொல்லியிருந்தாலும் அவளுக்கு விளங்கியிருக்கும்.

சூசை என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "முவா" என்றான். அந்த ஒரு பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும்: நான்.

அவள் எழுதினாள். பெயர் கேட்டாள், தொழில் கேட்டாள். தொழிலைச் சொன்னபோது பேனா கொஞ்சம் நின்றது. நான் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஒட்சிசன்.

மற்ற எல்லோரும் அன்றே வீடு திரும்பினோம். றெஜினா எட்டு நாள் ஆஸ்பத்திரியில். வந்தாள். ஆட்களை அடையாளம் தெரியும். பேச்சு மெதுவாகிவிட்டது. பசாமில் முதல் கண்ணியைப் பாடுவாள், இரண்டாவது வராது. தன் கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பெரிய வெள்ளியன்று கோயிலில் யாரும் பாடவில்லை. கொப்பியை நான் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் வரவேற்பறையில் இருந்து பேசினார்கள். "படிக்காத ஆக்கள் கையை வைச்சா இப்பிடித்தான். மாஸ்டர் இருந்தும் கேக்கேல்லைப் பாருங்கோ." நான் தேநீர் குடித்தேன். ஜெயமணி மட்டும் என் எதிரில் இருந்து, என் கண்ணையே பார்த்து, "சூசையண்ணை சனிக்கிழமை கதவைத் திறக்கச் சொன்னவர். நான் காதாலை கேட்டனான்" என்றாள். "சொன்னவனே ஏன் கட்டினவன்?" என்று ஒருவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாவது கிழமை சூசைக்குக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை அவன் காஸ் வேலை செய்யக்கூடாது. கட்டிடக்காரரும் நிறுத்திவிட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் அவன் வீட்டுக்குப் போனேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"ஏனடா அப்பிடிச் சொன்னாய்?" என்று கேட்டேன். இதைக் கூடக் கோபமாகத்தான் கேட்டேன்.

எனக்குச் சாப்பாடு போட்டபடியே சொன்னான். "அவையள் எல்லாரும் உங்களை மாஸ்டர் எண்டு கூப்பிடுகினம் அண்ணை. அது போனா உங்களுக்கு வேறை என்ன இருக்கு?"

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் கோபத்தோடு எழும்புகிறேன். தொடக்கத்தில் ஹீற்றர் மேல், குளிர் மேல், பொலிசைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி மேல். பிறகு, பழியை ஏற்றுக்கொண்ட தம்பி மேல். எல்லாம் சுற்றிவந்து, முகமூடிக்குள் பத்திரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்தக் கிழவன் மேல் வந்து நிற்கிறது.

போன கிழமை விசாரணை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பழுதான ஹீற்றர் ஒன்று அடிக்கடி அணைந்ததாகவும், அதன் குமிழைக் கம்பியால் கட்டியது நானே என்றும், என் தம்பி அதற்கு முதல்நாளே எச்சரித்தான் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அனுப்பும் முன் சூசைக்குப் போன் எடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிக் காட்டினேன். இந்தக் கட்டுரை சஞ்சிகையில் வரும், மொன்றியலுக்கும் நாற்பது பிரதி போகும், எல்லோரும் வாசிப்பார்கள் என்றும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டான்.

"அண்ணை" என்றான். "ஒரு இடம் பிழை."

"எது?"

"பழுதான ஹீற்றர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது பழுதில்லை. நீங்கள் கட்டுமட்டும் அது தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்தது. அந்தச் சொல்லை எடுங்கோ."

பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். மேலே என் சுருக்கக் கையொப்பம் போட வேண்டும் என்றான், வெட்டிய இடத்தில் கையொப்பம் இல்லாவிட்டால் அங்கே ஏற்கமாட்டார்களாம். போட்டேன்.

"இப்ப சரியோ?" என்று கேட்டேன்.

"முழுக்க ஒருக்கா வாசியுங்கோ" என்றான். வாசித்தேன்.